எரிந்த ஊர்க்காரி வைத்த தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பெற்று வளர்த்தேன். செத்துப்போன என் தங்கையின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தால் ஏழு. ஏழும் இன்றுவரை நல்லபடியாக இருக்கின்றன. மதுரையில் பிறந்து மதுரையிலேயே கிழவியானவள் நான். சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் மாசி வீதி நான்கையும் சுற்றியவள். வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்துதான் கொஞ்சம் தகராறு. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கற்றுக்கொண்டது, மெதுவாகத்தான் வரும். அவசரக்காரர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளலாம்.

நான் கடல் தாண்டிப் போனது ஒரு குடம் தண்ணீர் வைப்பதற்காக. என் கடைசி மகள் சுமதி, எங்கள் ஊருக்குப் பக்கத்து அகதி முகாமில் வளர்ந்த குகன் என்கிற பையனைக் கட்டிக்கொண்டாள். சண்டை ஓய்ந்து அவன் சொந்த மண்ணான மட்டக்களப்புக்குத் திரும்பியபோது கூடவே போய்விட்டாள். அங்கேதான் அவள் மகள் கயல்விழி பிறந்தாள். போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, நாள் கணக்கில் கண் திறக்காமல் கிடந்தாள். நாம் டைஃபாய்டு என்பதற்கு அங்கே நெருப்புக்காய்ச்சல் என்று பெயர். ஃபோனில் அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அக்கா, இஞ்ச எங்கட அம்மனுக்கு நேருங்க" என்றாள் சம்பந்தி நல்லம்மா. ஃபோனைப் பிடித்தபடியே நேர்ந்தேன். என் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், நானே வந்து என் கையால் உனக்கு ஒரு குடம் தண்ணீர் வைக்கிறேன் தாயே என்று.

பிள்ளை எழுந்துவிட்டாள். வாக்குக் கொடுத்தவள் போகாமல் இருக்க முடியுமா?

அது யாரோ ஒரு அம்மன் இல்லை. எங்கள் மதுரையை எரித்தவள். எரித்த கோபம் ஆறாமல் கடல் கடந்து வந்து தங்கள் ஊரில் உட்கார்ந்தாள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. வைகாசியில் சில நாட்கள் மட்டும்தான் கோயில் கதவைத் திறக்கிறார்கள். கடைசி நாளில் அவள் சூடு தணிய, தண்ணீரும் பாலும் இளநீரும் வைத்துப் பாட்டுப் பாடுகிறார்கள். அதற்குக் குளுத்தி என்று பெயர். அந்த ஒரு நாளை விட்டால் அடுத்த வைகாசிதான். என் வயதில் அடுத்த வைகாசியை நம்பி எதையும் தள்ளிப்போடக் கூடாது.

முதல் நாள் முழுவதும் பஸ்ஸில் போயிற்று. சன்னலோர இடம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். அது வெயில் பக்கம் என்பது இரண்டு மணி நேரம் கழித்து என் வலது காது காந்தியபோதுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என்னிடம் ஏதோ சொன்னாள். கொழும்புக்கு வந்து என்னை அழைத்துப்போன குகன் மொழிபெயர்த்தான்: "பாதி வெயில் நீங்க வாங்கிட்டீங்களாம் மாமி. மிச்சப் பாதிய தான் வாங்கிறனாம், இடம் மாறுவமா எண்டு கேக்கிறா."

"எங்க ஊர்ல இதுக்குப் பேரு நிலாவும்பாங்கன்னு சொல்லு" என்றேன்.

அவன் என்ன சொன்னானோ, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் துண்டை எடுத்துச் சன்னலில் திரையாகச் சொருகினாள். இறங்குமுன் ஒரு செவ்விளநீரை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வாவி கண்ணில் பட்டது. கடலா, ஏரியா, ஆறா என்று சொல்ல முடியாத தண்ணீர். எனக்குச் சின்னப்பிள்ளை போல் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. குகன் கையை நீட்டிக் காட்டினான். சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, அது போய்ப் படுக்கிற பக்கம் படுவான்கரை. இரண்டு கரைக்கும் அதுதான் பெயர். நாங்கள் கீழ மாசி, மேல மாசி என்று தெருவுக்குத் திசையைக் கட்டினோம். இவர்கள் வெயில் வருவதையும் போவதையும் பார்த்து நாட்டையே இரண்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சம்பந்தி வீடு எழுவான்கரையில், களுதாவளையில் இருக்கிறது. மறுநாள் விடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் வெயிலை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தேன். வேலை எல்லாம் வெள்ளென. பத்து மணிக்குள் கிணற்றடி, தோட்டம், சந்தை எல்லாம் முடிந்துவிடுகிறது. காலையில் பழஞ்சோறும் எருமைத் தயிரும். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். நான் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். நல்லம்மா அதே தயிரில் பனங்கட்டியைப் பொடித்துப் போட்டுப் பழத்தோடு பிசைந்தாள். ஒரு வாய் வாங்கிப் பார்த்தேன். மதுரையில் ஜிகர்தண்டா விற்கிறவன் இதை ருசித்தால் கடையை மூடிவிடுவான். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

"வெயில் எப்பிடி அக்கா?" என்றாள்.

"இதுவா வெயிலு? எங்க ஊர் மார்கழி இப்படித்தான் இருக்கும்."

"காண்டாவனம் முடிஞ்சதால தப்பினீங்க. கச்சான் இன்னும் எழும்பல்ல. எழும்பட்டும், பிறகு கதைப்பம்."

நாங்கள் கத்திரி என்று சொல்கிற நாட்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் காண்டாவனம். பழங்கதையில் எரிந்துபோன ஒரு காட்டின் பெயராம். கச்சான் என்பது மேற்கிலிருந்து வருகிற காய்ந்த காற்று. நல்லம்மாவுக்கு என்னைவிட ஏழு வயது குறைவு. வாய் மட்டும் என் வயதுக்கு இருக்கும்.

உச்சிப்பொழுதுக்கு அவள் என்னை வெற்றிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். மேலே ஓலை நிழல், கீழே நனைந்த மணல், சுற்றிலும் கொடி. உள்ளே கால் வைத்ததும், "அப்பாடி, வயிறு குளிருது" என்றேன்.

"உங்கட ஊரிலயும் அப்பிடித்தானா சொல்ற?"

"பின்னே? நல்லது நடந்தா வயிறு குளிரும். புகழ்ந்தா உச்சி குளிரும். அடுத்தவ நல்லாருந்தா வயிறு எரியும்."

"இஞ்சயும் அதே எரிச்சல்தான்" என்று சிரித்தாள்.

இந்தப் பேச்செல்லாம் எங்கிருந்து வந்திருக்கும் என்று அங்கே உட்கார்ந்து யோசித்தோம். என் மூத்த பேரன் பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கிறான். அங்கே ஆசையாக அழைத்தால் சூடான வரவேற்பு என்பார்களாம். அதைச் சொன்னதும் நல்லம்மா வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டாள். "சூடான வரவேற்போ? இஞ்ச சூடு எண்டா அடிதானே அக்கா!" குளிரில் நடுங்கியவன் சூட்டை நல்லதென்றான், வெயிலில் வெந்தவன் குளிர்ச்சியை நல்லதென்றான். அவரவர் உடம்பு பட்டபாடு அவரவர் வாயில் வந்திருக்கிறது. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. கோயில்ல ஆரும் கேட்டா இந்தியா எண்டு மட்டும் சொல்லுங்க. மதுரை எண்டு வாய் திறந்திராதீங்க."

"ஏன்?"

"அந்த ஊரிலதானே அவக்குக் கோவம் வந்த. குளுத்தி முடியிறதுக்கு முந்தி அந்தப் பேர் காதில விழுந்தா, ஆறின கோவம் திரும்பக் கிளம்பினா ஆர் பொறுப்பு? உங்கட மகள்தானே இஞ்ச இரிக்கிற."

ஊர்ப் பெயரை மறைப்பதா? எனக்குச் சுருக்கென்றது. மகள் என்று சொன்னதால் சரி என்றேன்.

மூன்றாம் நாள் என் புத்தி கெட்டது. குளுத்திக்குப் புதுக்குடம் வாங்க வேண்டும். "வெள்ளண போங்க, செருப்பப் போடுங்க, கொடையைக் கொண்டுபோங்க" என்று நல்லம்மா மூன்று தடவை சொன்னாள். அதற்காகவே நான் உச்சிவெயிலில், செருப்பில்லாமல், குடையில்லாமல் போனேன். மதுரைக்காரி நடப்பதைத் தெரு பார்க்கட்டும் என்று இருந்தது.

குடம் வாங்கித் திரும்பும்போது கச்சான் எழும்பியது. அடுப்பு வாயிலிருந்து ஊதியது போல் ஒரு காற்று. எங்கள் ஊர் வெயில் மேலிருந்து அடிக்கும், நாம் தலையை மூடிக்கொண்டால் போதும். இது பக்கவாட்டில் வந்து மூக்குக்குள் போய் மூச்சையே உலர்த்துகிறது. தெருவில் ஒரு மனிதர் இல்லை. ஊரே கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தது. என் கால்கள் யாருடைய கால்களோ போலாகிவிட்டன.

கண் திறந்தபோது வேர்க்கடலை விற்கிற பெண்ணொருத்தியின் தள்ளுவண்டி நிழலில் கிடந்தேன். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஆச்சி எந்த ஊர்? வெயில் தெரியாத ஊரோ?" என்றாள்.

என்னைப் பார்த்து! பதில் சொல்ல நாக்கு எழவில்லை. இல்லாவிட்டால் அவளுக்கு அன்று நல்ல பாட்டுக் கிடைத்திருக்கும். குடம் மட்டும் உடையவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன்.

வீட்டில் குகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மாமி, நாளைக்கு நீங்க வரல்ல. படுத்திருங்க. தண்ணிய சுமதி வெப்பா." சுமதி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா, எனக்காக வந்து நீ விழுந்துட்டீன்னா நான் என்னத்துக்கும்மா பிழைச்சேன்?" தப்பு என் மேல். ஆனால் நேர்ந்தவள் நான். வீட்டுக்குள் படுத்துக்கொண்டு மகளை விட்டுத் தண்ணீர் வைத்தால் அது வாக்கு ஆகுமா? நாளைக்கு அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தால்?

எனக்காகப் பேசியவள் நல்லம்மா. "நேர்ந்த ஆள்தான் வெக்கணும் மனே. மறுகா என்ட மருமகளுக்கு ஒண்டு வந்தா நீ பதில் சொல்லுவியா? அக்காவ நான் கூட்டிப்போறன். கொடை நான் பிடிக்கிறன்." என் பக்கம் திரும்பி, "செருப்பு மட்டும் போடுங்க, மார்கழிக்காரி" என்றாள்.

நான்காம் நாள் குளுத்தி. கோயில் படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கத்து ஒரு கிராமத்தில். குகன் சுமதியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலம் சுற்றி முன்னாலேயே போய்விட்டான். கிழவிகள் இருவருக்கும் வாவியைக் குறுக்காகக் கடப்பதுதான் சுருக்கு. களுதாவளைக் கிணற்றில் நானே தண்ணீர் மொண்டு, குடத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டேன். வெயில் சாய்வதற்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். குடங்களை உள்ளே எடுத்துப் பாட்டைத் தொடங்கிவிட்டால் பிறகு யாருடையதையும் வாங்க மாட்டார்கள்.

கடப்பதற்கு ஒரு மிதவை. பெரிய இரும்புத் தட்டு, பக்கத்தில் ஒரு மோட்டார்ப் படகைக் கட்டி ஓட்டுகிறார்கள். அதைப் பாதை என்கிறார்கள். மோட்டார் சைக்கிள்கள், இளநீர்க் குலைகள், கோயிலுக்குப் போகிற ஆண்கள், பெண்கள், இரண்டு ஆடு. காத்தான்குடியிலிருந்து சாரம் என்கிற கைலி விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரியும் துணிமூட்டையோடு இருந்தார். எல்லோரும் அவரைக் காக்கா என்றார்கள். அண்ணன் என்று அர்த்தமாம்.

பாதி வாவியில் கச்சான் எழும்பிற்று. தட்டு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய், 'சர்' என்று நின்றது.

"தண்ணி வத்திப்போச்சு, சேத்தில ஏறிட்டு" என்றான் ஓட்டுகிறவன். "ஆம்புளைகள் இறங்கி இழுத்தாத்தான் சரி."

நடு வாவியில், உச்சிவெயிலில், இரும்புத் தட்டில் நின்றோம். செருப்பையும் மீறிக் காலடி தோசைக்கல் போலச் சுட்டது. காத்தான்குடிக்காரர் தன் மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு மூட்டையை அவிழ்த்தார். மடிப்புக் கலையாத புதுச் சாரங்கள்! நாலைந்தை வாவித் தண்ணீரில் முக்கி, மோட்டார் சைக்கிள்களுக்குக் குறுக்கே கட்டிப் பந்தலாக்கினார். "வாங்கம்மா, இதுக்குக் கீழ இரிங்க" என்றார். ஈரத்துணிக்குக் கீழே அதே கச்சான் குளிர்ந்து வந்தது. நெருப்புக் காற்றை ஒரு சாரத்தில் வடிகட்டிவிட்டார் மனிதர்!

பன்னிரண்டு ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு. "ஓ… ஹோய்!" என்று இழுத்தார்கள். தட்டு நடுங்கியதே தவிர நகரவில்லை. மறுபடியும் ஓ ஹோய். மறுபடியும் நடுக்கம். குடம் தளும்பி என் மடி நனைந்தது. எட்டிப் பார்த்தேன். முன்னால் நின்றவர்கள் படுவான்கரைப் பக்கம் இழுக்கிறார்கள். பின்னால் நின்றவர்கள் எழுவான்கரைப் பக்கம் இழுக்கிறார்கள்!

"ஏத்தா, ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறாய்ங்களே!"

"முன்னுக்கு நிக்கிறது வடசேரி. பின்னுக்கு நிக்கிறது தென்சேரி" என்றாள் நல்லம்மா, இதைக்கூடக் கேட்பார்களா என்பது போல.

அம்மன் கோபம் தணிய அவர்களிடம் கொம்பு விளையாட்டு என்று ஒன்று உண்டு. இரண்டு வளைந்த கொம்புகளைக் கொக்கி போல் மாட்டி, கயிறு கட்டி, வடசேரியும் தென்சேரியும் எதிரெதிரே நின்று இழுப்பார்கள். எவர் கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். யார் எந்தப் பக்கம் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். குளுத்தி நாளில் கையில் கயிறு கிடைத்ததும் கைகள் பழகிய வேலையைப் பார்த்துவிட்டன.

"பின்னுக்குத்தான்டா ஆழம்! விடுங்கடா!"

"போன வருசம் முறிஞ்ச கொம்பு கதைக்குது பாரு!"

"இழு மனே! வடசேரி, விட்டுராதீங்க!" இது நல்லம்மா. எனக்காகக் கொண்டுவந்த குடை அவள் கையில் எங்கேயோ ஆடிக்கொண்டிருந்தது.

"அல்லாஹ்வே, இவங்க இந்தப் பாதையையும் முறிச்சுப்போட்டுத்தான் விடுவாங்க" என்றார் காத்தான்குடிக்காரர்.

சூரியன் உச்சியை விட்டு நகர்ந்துவிட்டது. என் பிள்ளையின் உயிருக்கு நேர்ந்த தண்ணீர் என் மடியில் வழிந்துகொண்டிருக்கிறது. எழுந்து நின்றேன்.

"ஏய்! நிறுத்துங்கடா எல்லாரும்!"

ஏழு பிள்ளைகளை அடக்கிய குரல். நின்றுவிட்டார்கள். ஒரு இளந்தாரி மட்டும் குறும்பாக, "ஆச்சி, நீங்க எந்தப் பக்கம்?" என்றான்.

"நான் எரிஞ்ச பக்கம்டா! மதுரைக்காரி!"

நல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீரில் நின்றவர்கள் என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வாய் தவறிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. இனி விழுங்க முடியாது. சொல்ல வந்ததைச் சொன்னேன். "ரெண்டு கயித்தையும் முன்னால கட்டுங்க. வடசேரி வலப்பக்கம், தென்சேரி இடப்பக்கம். யார் கயிறு மொதல்ல தொய்யுதோ அவன் தோத்தவன்."

அதற்குப் பிறகு சொல்லவா வேண்டும்! மூன்றாவது இழுப்பில் தட்டு சேற்றை விட்டு எகிறியது. நான் கீழே விழாமல் காத்தான்குடிக்காரர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் கயிறு தொய்ந்தது என்று கரை சேரும்வரை சண்டை போட்டார்கள்.

கரையில் இளந்தாரிகள் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு பறந்தார்கள். எங்களுக்கு ஒரு ஆட்டோ கிடைத்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. உடுக்குச் சத்தம் கேட்டது. கூட்டம் எனக்கு வழிவிட்டு இரண்டாகப் பிரிந்தது. சுமதி ஓடிவந்து என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

கோயில் நிர்வாகத்துக்குப் பெரியவரை வண்ணக்கர் என்கிறார்கள். மெலிந்த மனிதர், இடுப்பில் துண்டு. குடங்களெல்லாம் உள்ளே போய்விட்டிருந்தன. அவர் வாசலில் நின்றார்.

"மதுரையில இருந்து வந்தது ஆரு?"

நல்லம்மா என் முந்தானையைப் பின்னால் இழுத்தாள். நான் முன்னால் போனேன். "நான்தான்."

"மதுரையேதானா? பக்கத்து ஊரில்லயே?"

"மதுரையேதான். பொறந்தது, வாக்கப்பட்டது, பெத்தது எல்லாம் அங்கதான்."

"என்னத்துக்கு நேர்ந்தீங்க?"

"மகளுக்கு நெருப்புக்காய்ச்சல்."

அவர் சுமதியைப் பார்த்தார். துணி நனைந்த குடத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "பாட்டை நிப்பாட்டுங்க. எங்கட அப்பன் பாட்டன் காலத்தில இருந்து நாங்கதான் தண்ணி வெச்சு வாறம். எரிஞ்ச ஊரில இருந்து ஒராள் குடத்தோட வந்து நிப்பா எண்டு நான் கனவிலயும் நினைக்கல்ல. முன்னுக்கு இடம் விடுங்க. இண்டைக்கு முதல் தண்ணி இவட."

எனக்குப் பொய் வராது. "ஐயா, தண்ணி களுதாவளைக் கிணத்துத் தண்ணிதான்" என்றேன்.

"தண்ணி எங்கட. கை உங்கட கைதானே. வையுங்க ஆச்சி."

வைத்தேன். எழுபத்தாறு வருஷமாக எங்கள் ஊரை ஒரு சொல் குறைத்துப் பேசாதவள் நான். குடத்தை இறக்கியபோது என் வாயில் வந்தது இதுதான்: "எங்க ஊர்ல உனக்கு நடந்தது தப்புதான் தாயே. நீ எரிச்சதும் நியாயந்தான். போதும், குளிர்ந்துக்க. என் பிள்ளைய விட்ரு." பக்கத்தில் நல்லம்மா விம்மியது கேட்டது. உடுக்கு மறுபடி எழுந்தது. பாட்டு முடிந்து, குடங்களை ஒன்றாகக் கலந்து எங்கள் தலையில் தெளித்தார்கள். சுமதி முகத்தில் நீர் வழிய, சின்னப்பிள்ளையில் மழையில் நனைவதற்கு நிற்பாளே, அதே மாதிரி கண்ணை மூடி அண்ணாந்து நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெயில் அப்போதும் அடித்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான். இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாளாயிற்று. கயல்விழி, லீவுக்கு என்னோடு மதுரைக்கு வந்த சுமதியின் மகளே, இங்கே வந்து பாட்டி பக்கத்தில் உட்கார். முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். எழுத்துத் தப்பு இருந்தால் சிரிக்காமல் திருத்திக்கொண்டு போ. வண்ணக்கர் பேசுகிற இடம் வந்ததும் நிறுத்து. அந்த இடத்தை மட்டும் எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்ட வேண்டும்.